மூடப்பட்ட ஃபவுண்டரி வார்த்த மக்னீசியம் கியர்பாக்ஸ் உறையை மீண்டும் வார்ப்பது எப்படி?

உதிரிதேடி கேட்டது:

வணக்கம். நான் இராணுவ ஹெலிகாப்டர்களின் பராமரிப்புப் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். எங்களிடம் உள்ள ஹெலிகாப்டர் வகையின் உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் மாற்று வந்து சேரும் வரை அதைப் பறக்கும் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பது முடிவு. மின்னணுக் கருவிகளுக்கு ஏதேனும் ஒரு மாற்று கிடைத்துவிடுகிறது. பேரிங்குகளும் சீல்களும் இன்றும் சந்தையில் உள்ளன. எங்களைத் தடுத்து நிறுத்தியிருப்பது ஒரு வார்ப்புப் பாகம்: வால் சுழலிக்குச் செல்லும் தண்டின் நடுவிலுள்ள கியர்பாக்ஸின் உறை. மணல் அச்சில் வார்த்த மக்னீசியம். ஒவ்வொரு பெரும் பழுதுபார்ப்பிலும் அரிப்பின் காரணமாகச் சில உறைகள் கழிக்கப்படுவதால், கிடங்கில் இருந்த புதியவை ஏறக்குறைய தீர்ந்துவிட்டன.

1960களில் வரையப்பட்ட வரைபடத்தின் மைக்ரோஃபிலிம் நகல், கழிக்கப்பட்ட சில உறைகள், பயன்படுத்தப்படாத ஒரே ஒரு புதிய உறை ஆகியவை கையில் உள்ளன. வரைபடத்தில் உலோகம் ஏஇசட்91சி-டி6 (வெப்பப் பதனிட்ட ஒரு மக்னீசியக் கலவை) என்றும், பரிசோதனை அமெரிக்க இராணுவத்தின் மில்-சி-6021 தரவிதிப்படி என்றும் குறிக்கப்பட்டுள்ளது. வார்த்துக் கொடுத்த ஃபவுண்டரி மூடப்பட்டுவிட்டது. மணலில் வடிவத்தைப் பதிக்கும் பேட்டர்ன்கள் எங்கே போயின என்பது எவருக்கும் தெரியவில்லை. தேவைப்படுவதோ சில டஜன் உறைகள் மட்டுமே.

புதிய உறையை லேசர் ஸ்கேன் செய்து, அந்தக் கோப்பிலிருந்து பேட்டர்ன் இல்லாமலேயே மணல் அச்சை முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டு வார்க்கலாம் என்று எண்ணியுள்ளேன். இயலுமானால் மக்னீசியத்தை விட்டுவிட்டு ஏ356 அலுமினியத்துக்கு மாறிவிடலாம் என்றும் ஒரு கருத்து எங்களிடையே உள்ளது; அரிப்புத் தொல்லையும் தீரும், வார்த்துத் தரும் ஃபவுண்டரிகளும் எளிதில் கிடைக்கும். இத்தகைய பாகங்களை வார்த்தவர்களும் சோதித்தவர்களும் இதில் நான் காணத் தவறுவது என்ன என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மணலச்சு எழுதியது:

மணல் அச்சை அச்சிடுவது உங்கள் திட்டத்தின் நல்ல பகுதி. ஸ்கேன் செய்வதிலிருந்து தொடங்குவதுதான் எனக்கு உடன்பாடில்லாத பகுதி.

வரைபடம் முடிந்த பாகத்தின் வடிவத்தைச் சொல்கிறது. உருகிய உலோகம் எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தது, உறையும்போது சுருங்கும் உலோகத்துக்கு ஈடுகொடுக்கும் ரைசர்கள் எங்கே நின்றன, தடித்த இடங்கள் முதலில் உறைவதற்காக அச்சில் எங்கெங்கே இரும்புக் குளிர்க்கட்டிகள் பதிக்கப்பட்டன என்பவை அதில் இருக்காது. அவை ஃபவுண்டரியின் முறைக் குறிப்பில் இருந்தன. பல இடங்களில் மேஸ்திரியின் தலைக்குள் மட்டுமே இருந்தன. ஆலை மூடப்பட்டபோது அவையும் போய்விட்டன. ஆனால் வார்ப்பின் வலிமையில் பெரும்பங்கு அது எப்படி உறைந்தது என்பதில்தான் அடங்கியிருக்கிறது. ஒரே வடிவம், ஒரே உலோகக் கலவை, இரண்டு வெவ்வேறு ஃபவுண்டரிகள் என்றால், பேரிங் இருக்கையின் அடிப்பகுதியில் ஒன்றில் நெருக்கமான உலோகமும் மற்றொன்றில் பஞ்சுபோன்ற நுண்துளைகளும் இருப்பது முற்றிலும் சாத்தியம். ஸ்கேன் செய்த கோப்பில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

நல்லவேளையாக, பழைய வார்ப்பே ஒரு சாட்சி. கழிக்கப்பட்ட உறை ஒன்றின் பூச்சை நீக்கிவிட்டு, சாய்வான வெளிச்சத்தில் நிதானமாகப் பாருங்கள். அச்சு பிரிந்த கோடு மெல்லிய வரம்பாக ஓடும். ரைசரும் உலோக வழியும் வெட்டப்பட்ட இடங்களில் மணலின் சொரசொரப்பு இல்லாமல், அரைத்துச் சமன்படுத்திய திட்டுகள் காணப்படும். திட்டின் அகலத்தைக் கொண்டே அங்கு நின்ற ரைசரின் கழுத்து அளவை ஊகிக்கலாம். குளிர்க்கட்டி இருந்த இடம் சுற்றியுள்ள பரப்பைவிட வழவழப்பாகவும், அதன் விளிம்பைச் சுற்றி முடியளவு மேடாகவும் இருக்கும். உட்குழிவை உருவாக்கும் மணல் கோர்கள் சந்தித்த மடிப்புகள் உட்புறத்தில் தெரியும். இவை அனைத்தையும் புகைப்படம் எடுத்து வரைபட நகலின் மேல் குறித்து முடித்தால், தொலைந்த முறைக் குறிப்பின் பெரும்பகுதி திரும்பக் கிடைத்துவிடும்.

அடுத்ததாக ஒரு கழிவு உறையை அறுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு நிர்வாகத்தில் எப்போதும் எதிர்ப்பு வரும். ஏற்கெனவே பற்றாக்குறையாக உள்ள பாகத்தை வெட்டுவதா என்பார்கள். பறக்கத் தகுதியற்றது என்று எழுதி வைத்த பாகத்தை அலமாரியில் வைத்திருப்பதால் பயன் ஏதுமில்லை. வெட்டிய முகத்தை மெருகேற்றி அமிலத்தால் அரித்தால், குளிர்க்கட்டியின் அருகில் நுண்ணிய மணிகளும் தூரத்தில் பருத்த மணிகளும் தெரியும். உலோகம் உறைந்த திசையைக் கண்ணாலேயே வாசிக்கலாம். அதே துண்டுகளிலிருந்து வேதியியல் பகுப்பாய்வும், கடினத்தன்மையும், இழுவிசைச் சோதனைக்கான தண்டுகளும் எடுக்கலாம். வரைபடம் சொன்ன உலோகமும் உண்மையில் வார்க்கப்பட்ட உலோகமும் ஒன்றுதானா என்பதும் அப்போது தெரிந்துவிடும். மக்னீசியம் சீவல்கள் தீப்பற்றக்கூடியவை. அவற்றை உலர்வாக வைத்து, ஒவ்வொரு முறையும் அப்புறப்படுத்த வேண்டும். உலோகத் தீக்குரிய அணைப்புத் தூளை அருகில் வைத்திருங்கள். தண்ணீரை அண்ட விடாதீர்கள்.

ஸ்கேன் செய்வதற்கு வருவோம். உங்களிடம் உள்ள புதிய உறை மெஷினிங் முடிந்த பாகம். அதை அப்படியே அச்சாக்கினால் கடைசலுக்கு விட வேண்டிய தடிமன் எங்கும் இருக்காது. உலோகம் குளிரும்போது ஏற்படும் சுருக்கமும் சேர்க்கப்பட்டிருக்காது. மக்னீசியத்துக்கு இது ஏறத்தாழ 1.3 சதவீதம், 400 மில்லிமீட்டர் நீளத்தில் 5 மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். அதையும் எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் பெருக்கிவிட முடியாது, ஏனெனில் உள்ளே கெட்டியான கோர் இருக்கும் இடத்தில் உலோகம் தாராளமாகச் சுருங்க இயலாது. கழிவு உறைகளை ஸ்கேன் செய்தாலோ, பழுதுபார்ப்பில் அரைத்தெடுத்த அரிப்புக் குழிகளும், பெரிதாக்கிப் புஷ் போட்ட துளைகளும், நீண்ட கால வெப்பத்தில் சற்றே கோணிய முகங்களும் கோப்பில் ஏறிவிடும். ஆகவே வரைபடத்தின் அளவுகளிலிருந்து புதிய முப்பரிமாண மாதிரியை உருவாக்குங்கள். ஸ்கேனை அதன்மேல் பொருத்தி, வேறுபடும் இடங்களுக்கு மட்டும் விளக்கம் தேடுங்கள். வரைபடத்தில் அளவு எழுதப்படாத வளைவுகளையும் விளிம்புகளையும் ஸ்கேன்தான் தர முடியும்.

இந்த உறையில் எண்ணெய் செல்லும் உள்வழிகள் இருக்கும். லேசர் அவற்றைக் காணாது. எக்ஸ்ரே சிடி ஸ்கேன் காணும். மக்னீசியம் இலேசான உலோகமாதலால் அதற்கு மிகவும் இணக்கமானதும்கூட. இதே வேலையைத் தடித்த எஃகு வார்ப்பில் செய்ய வேண்டுமானால் பன்மடங்கு ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே கருவி தேவைப்படும்.

அச்சிட்ட மணலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உருகிய மக்னீசியம் சிலிக்கா மணலோடும் ஈரத்தோடும் வினைபுரியும். அதனால்தான் மக்னீசியம் வார்க்கும் மணலில் கந்தகம், போரிக் அமிலம், பொட்டாசியம் ஃபுளோரோபோரேட் போன்ற தடுப்பான்களைக் கலக்கிறார்கள். எஃகுக்கும் அலுமினியத்துக்கும் அச்சிட்டுப் பழகிய நிறுவனம் இதை யோசித்திருக்காது. அச்சைக் கேட்பதற்கு முன்னரே, அதில் உலோகத்தை ஊற்றப்போகும் ஃபவுண்டரியையும் அச்சிடுபவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துவிடுங்கள்.

சுமைக்கோடு எழுதியது:

அலுமினியத்துக்கு மாறும் யோசனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பராமரிப்புப் பிரிவுகளில் இது அடிக்கடி எழும் யோசனை. எடையை மட்டும் பார்த்து ஏற்பதும் நிராகரிப்பதும் வழக்கம். எடை முக்கியந்தான்: மக்னீசியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.8 கிராம், ஏ356-இன் அடர்த்தி 2.7 கிராம். அதே வடிவத்தில் உறை ஒன்றரை மடங்கு கனக்கும். வால் தண்டின் மேல், ஈர்ப்பு மையத்திலிருந்து வெகுதூரத்தில் அந்தக் கூடுதல் எடை உட்காரும். ஆனால் எனக்குப் பெரிய கவலை வெப்ப விரிவுதான்.

மக்னீசியம் ஒரு பாகை வெப்பத்துக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 26 மைக்ரோமீட்டர் விரியும்; ஏ356 ஏறத்தாழ 21.5. பேரிங் இருக்கையின் விட்டம் 100 மில்லிமீட்டர் என்றும், கியர்பாக்ஸ் 80 பாகை சூடேறுகிறது என்றும் வைத்துக்கொண்டால், இரண்டு உலோகங்களுக்கும் இடையிலான வேறுபாடு 0.036 மில்லிமீட்டர். அந்த அளவுள்ள துளைக்கு எச்7 என்னும் துளை அளவுத் தரத்தின் முழுச் சகிப்பு அகலமே 0.035 மில்லிமீட்டர்தான். அதாவது வரைபடத்தில் எழுதியுள்ள பொருத்தங்களை அப்படியே வைத்துக்கொண்டு உலோகத்தை மட்டும் மாற்றினால், ஓடும் சூட்டில் பேரிங் பிடிமானம் வேறு. கோணப் பல்சக்கரங்களின் இடைவெளி வேறு. இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளின் (ஷிம்) அட்டவணையும் வேறு. சூடேறும்போது தளரும் என்று எண்ணி வைத்த இறுக்கம் அந்த அளவுக்குத் தளராது. அலுமினிய உறையை வடிவமைக்க முடியாது என்பதல்ல. அது மாற்று உதிரிப்பாகம் அல்ல, புதிய கியர்பாக்ஸ் என்று கருதி, சோதனை மேடையில் ஓட்டி, உலோகச் சோர்வுக் கணக்கை மீண்டும் போட்டுத்தான் ஒப்புதல் பெற வேண்டும். சில டஜன் உறைகளுக்கு அந்தச் செலவு நியாயமாகாது.

அரிப்புதான் காரணமென்றால் பக்கத்திலேயே வேறு வழி இருக்கிறது. ஏஇசட்91சி என்பதற்குப் பதிலாக ஏஇசட்91இ கேளுங்கள். இரண்டிலும் அலுமினியம் ஏறத்தாழ 9 சதவீதம், துத்தநாகம் 0.7 சதவீதம், வலிமையும் விரிவும் ஒன்றே. வேறுபாடு மாசுகளில்தான் உள்ளது. பழைய கலவையில் நிக்கல் 0.01 சதவீதம், செம்பு 0.10 சதவீதம் வரை அனுமதி. புதியதில் நிக்கல் 0.001, செம்பு 0.015, இரும்பு 0.005 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, இரும்புக்கும் மாங்கனீசுக்கும் உள்ள விகிதத்துக்கும் வரம்பு உண்டு. இந்த மூன்று மாசுகளும் மக்னீசியத்துக்குள் சிறுசிறு மின்கலங்களாகச் செயல்பட்டு அதை அரிக்கின்றன. அவற்றை ஒழித்தால் உப்புத் தூவல் சோதனையில் அரிப்பு வேகம் பெருமளவு குறைந்துவிடுகிறது. ஆனால் எஃகு போல்ட்டு நேராக மக்னீசியத்தைத் தொடும் இடத்தில் எவ்வளவு தூய கலவையும் உதவாது. அங்கு ஆனோடைஸ் பூச்சும், ரெசின் அடைப்பும், போல்ட்டுகளை ஈரமான சீலன்ட்டோடு பொருத்துவதும் கட்டாயம். உங்கள் கழிவு உறைகள் பெரும்பாலும் எந்த இடத்தில் அரிக்கப்பட்டிருக்கின்றன என்று ஒரு கணக்கெடுத்துப் பாருங்கள். போல்ட்டு முகங்களிலும் நீர் தேங்கும் மூலைகளிலும் என்றால், கலவையை மாற்றுவதைவிடப் பூச்சு முறையை மாற்றுவதில் அதிகப் பயன் கிடைக்கும்.

அச்சுக்குப்புதியவர் கேட்டது:

இடையில் நுழைவதற்குப் பொறுத்தருளவும். சில டஜன் மட்டுமே தேவையென்றால், வார்ப்பதை விட்டுவிட்டு ஒரு திடமான மக்னீசியக் கட்டியிலிருந்து ஐந்து அச்சுகளில் நகர்ந்து வெட்டும் (5-axis) மெஷினில் குடைந்தெடுத்துவிட முடியாதா?

சுமைக்கோடு எழுதியது:

முடியும், சில பாகங்களுக்கு அதுவே சிறந்த விடையும்கூட. எளிய மூடிகள், தாங்கிகள், கைப்பிடிகள் ஆகியவற்றை நான் அப்படித்தான் பரிந்துரைப்பேன், ஏனெனில் கட்டியின் உலோகம் வார்ப்பைவிட நம்பகமானது, நுண்துளைக் கவலையும் இல்லை. வார்ப்பிலிருந்து வெளியேறியதற்குப் பெரிய முன்னுதாரணமும் உண்டு: அமெரிக்காவின் எம்60 டாங்கியின் உடலும் கோபுரமும் எஃகு வார்ப்புகள், அதற்கு அடுத்து வந்த எம்1 டாங்கி உருட்டிய தகடுகளைப் பற்றவைத்துக் கட்டப்பட்டது. ஆனால் இந்த உறையில் சுவருக்குள் வளைந்து செல்லும் எண்ணெய் வழிகளை எந்த வெட்டுக் கருவியும் எட்டாது. அவற்றை நேர்த்துளைகளாக மாற்றி, அடைப்புகள் போட்டு வடிவமைத்தால் மீண்டும் புதிய வடிவமைப்புக்குரிய ஒப்புதலுக்குத்தான் போய் நிற்க வேண்டும்.

கதிர்ப்படம் எழுதியது:

பரிசோதனைத் தரவிதியைப் பற்றிச் சொல்கிறேன். மில்-சி-6021 இப்போது இல்லை. அதன் இடத்தில் மில்-எஸ்டிடி-2175 வந்தது; பின்னர் அதுவும் தொழில்துறைத் தரவிதியான ஏஎம்எஸ் 2175 ஆக மாறியது. 1994-இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் பெரி, இராணுவத் தரவிதிகளுக்குப் பதிலாக இயன்றவரை தொழில்துறைத் தரவிதிகளையே பயன்படுத்த வேண்டும் என்று ஆணையிட்ட பிறகு, இத்தகைய ஆவணங்கள் நூற்றுக்கணக்கில் கைமாறின அல்லது நீக்கப்பட்டன. ஆகவே பழைய வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு தரவிதி எண்ணுக்கும் இன்றைய வாரிசு எது என்று ஓர் அட்டவணை தயாரித்து, அதை வடிவமைப்புப் பொறுப்பாளரிடம் கையொப்பம் பெற்ற பிறகே விலைப்புள்ளி கேளுங்கள். அந்த அட்டவணை இல்லாமல் கேட்டால் ஒவ்வொரு ஃபவுண்டரியும் தனக்குத் தோன்றியதை வைத்து விலை சொல்லும்.

அந்தத் தரவிதியின் அடிப்படை மாறவில்லை. பாகம் உடைந்தால் என்ன ஆகும் என்பதைக் கொண்டு வார்ப்புகள் 1 முதல் 4 வரை வகுக்கப்படுகின்றன. உயிரிழப்போ வானூர்தி இழப்போ நேரும் என்றால் அது முதல் வகுப்பு. குறைகளின் அனுமதி அளவு ஏ முதல் டி வரை தனியாகத் தரப்படுத்தப்படுகிறது. வால் சுழலிக்கு ஆற்றல் கடத்தும் கியர்பாக்ஸ் என்பதால் உங்கள் உறை எந்த வகுப்பு என்பதில் விவாதத்துக்கு இடமிராது. விவாதிக்க வேண்டியது தரத்தைத்தான். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று உறை முழுவதற்கும் ஏ தரம் எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதினால் ஃபவுண்டரிகள் விலைப்புள்ளியே தர மாட்டா, தந்தாலும் பாதிக்கு மேல் கழிவாகும். எந்தப் பகுதியில் சுமை உச்சம் என்பதைக் காட்டி, அங்கு மட்டும் கடுமையான தரமும் மற்ற இடங்களில் தளர்வான தரமும் குறித்த வரைபடம் ஒன்றைக் கொடுங்கள். பழைய உறைகளை எக்ஸ்ரே எடுத்து, ஏஎஸ்டிஎம் இ155 மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டால், பல ஆண்டுகள் பறந்து சோதனை ஆன உலோகம் எந்தத் தரத்தில் இருந்தது என்று தெரிந்துவிடும். புதிய கோரிக்கைக்கு அதைவிட நல்ல அடிப்படை எனக்குத் தெரியவில்லை.

சோதனைத் தண்டுகளில் ஏமாறாதீர்கள். தனியாக வார்த்த தண்டு விரைவாக உறைவதால் நல்ல எண்களைத் தரும். அது உருக்கின் வேதியியலும் வெப்பப் பதனிடலும் சரியாக இருந்தன என்பதற்குத்தான் சான்று. தடித்த பேரிங் இருக்கையில் உலோகம் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது. முதல் தொகுதியில் குறைந்தது ஓர் உறையை அறுத்து, வரையறுத்த இடங்களிலிருந்தே தண்டு எடுத்துச் சோதிக்கும் நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேருங்கள்.

சான்றிதழ் என்பது ஒரு தாள் மட்டுமே என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு எஃகு வார்த்துக் கொடுத்த ஒரு ஃபவுண்டரியில், 1985 முதல் 2017 வரை குறைந்தது 240 வார்ப்புத் தொகுதிகளின் வலிமை, உறுதிச் சோதனை முடிவுகள் பொய்யாகப் பதியப்பட்டிருந்தது நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது. மைனஸ் 73 பாகை செல்சியஸில் நடத்த வேண்டிய தாக்குச் சோதனையில் தேறாத எஃகு, தேறியதாக எழுதப்பட்டுக் கப்பல்களுக்குப் போனது. சோதனைத் துண்டுகளில் சிலவற்றை நீங்களே எடுத்து, ஃபவுண்டரிக்குத் தொடர்பில்லாத ஆய்வகத்தில் உடைத்துப் பார்ப்பது ஆடம்பரமல்ல.

கடைசியாகக் கசிவுச் சோதனை. மக்னீசியத்தில் வலிமையைப் பாதிக்காத நுண்துளைகள்கூட எண்ணெயைக் கசிய விடும். ரெசின் ஊட்டி அடைப்பதைப் பழைய வரைபடம் அனுமதித்ததா என்று குறிப்புப் பகுதியில் தேடுங்கள். அனுமதி இருந்தால் அதை அப்படியே தக்கவைத்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் வரைபட விதியிலிருந்து ஃபவுண்டரி கேட்கும் முதல் விலக்கு அதுவாகத்தான் இருக்கும்.

உதிரிதேடி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அலுமினிய யோசனையைக் கைவிடுகிறோம். சுமைக்கோடு அவர்கள் சொன்னபடி கழிவு உறைகளைப் பார்த்தேன்; பெரும்பாலானவற்றில் அரிப்பு பொருத்து முகத்தின் போல்ட்டுத் துளைகளைச் சுற்றியே உள்ளது. ஆகவே ஏஇசட்91இ கலவையோடு பூச்சு முறையையும் மாற்ற முன்மொழியப் போகிறோம்.

தொடர்புடைய இன்னொரு கேள்வி. எங்கள் பட்டியலில் அடுத்ததாக உள்ளது எஞ்சினுக்கு அருகிலுள்ள ஒரு சிறிய உறை. அதன் வரைபடத்தில் எச்கே31ஏ என்று உள்ளது. அதையும் இதே போல அறுத்துப் பார்க்கலாமா?

மணலச்சு எழுதியது:

அறுக்காதீர்கள், அரைக்கவோ மணல் வீச்சில் சுத்தம் செய்யவோ வேண்டாம். எச் என்னும் எழுத்து அந்தக் கலவையில் தோரியம் இருப்பதைக் காட்டுகிறது. எச்கே31ஏ-வில் அது ஏறத்தாழ 3 சதவீதம். சூட்டில் இளகாமல் நிற்பதற்காக அக்காலத்தில் எஞ்சின் பகுதிகளில் இத்தகைய கலவைகளைப் பயன்படுத்தினார்கள். தோரியம் கதிரியக்கத் தனிமம். முழுப் பாகமாக அலமாரியில் இருப்பதைவிட அதன் தூசியைச் சுவாசிப்பதுதான் ஆபத்து. உங்கள் அமைப்பின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் முதலில் தெரிவியுங்கள்; அந்த உறைகள் எத்தனை, எங்கே உள்ளன என்ற பதிவேடும் தேவைப்படும். பழைய உலோகக் கழிவோடு கலந்து விற்றுவிடும் தவறும் நேரக் கூடாது.

அதே கலவையை மீண்டும் வார்க்க முயல வேண்டாம். சூட்டுக்கு மாற்றாக இன்று யிட்ரியமும் அருமண் தனிமங்களும் சேர்ந்த டபிள்யூஇ43 உண்டு; அரிப்பையும் நன்றாகத் தாங்கும். ஆனால் ஏஇசட்91-ஐ அந்த இடத்தில் போட்டுவிடாதீர்கள். அது ஏறத்தாழ 120 பாகைக்கு மேல் நீண்ட காலச் சுமையில் மெல்ல மெல்ல நெகிழ்ந்துவிடும். போல்ட்டுகளின் இறுக்கம் தானாகவே குறையும்.

கொள்முதல்மேசை எழுதியது:

தொழில்நுட்பத்தை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை; இந்த நிலைமையே பழைய ஒப்பந்தங்களின் விளைவு என்பது என் கருத்து.

ஃபவுண்டரியின் பக்கத்திலிருந்து இந்த ஆர்டரைப் பாருங்கள். சில டஜன் உறைகள், ஒரே முறை, முதல் தொகுதியில் கழிவு நிச்சயம், கத்தையாகக் காகித வேலை. அன்றாட வேலையில் ஆயிரக்கணக்கில் வார்க்கும் இடத்தில் இதற்கு வரிசையே கிடைக்காது. தனித்தனியாகப் பாகம் பாகமாக விலை கேட்பதை விட்டுவிட்டு, ஒரே கலவையில் உள்ள உங்கள் பட்டியலின் எல்லா உறைகளையும் சேர்த்துப் பல ஆண்டு ஒப்பந்தமாகக் கேளுங்கள். அதே ஹெலிகாப்டரை வைத்திருக்கும் பிற படைகள் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் இதே உறைகள்தான் தீர்ந்துகொண்டிருக்கும். முறை வகுப்பதற்கும் சோதனை வார்ப்புகளுக்கும் தனியாகப் பணம் கொடுங்கள். அதை உறையின் விலைக்குள் ஒளிக்கச் சொன்னால் ஃபவுண்டரி சோதனையைத்தான் குறைக்கும்.

அப்படிக் கொடுத்த பணத்துக்கு ஈடாக, அச்சின் கோப்புகள், ரைசர்களும் குளிர்க்கட்டிகளும் இருக்கும் இடங்கள், உறைதல் கணிப்பு மென்பொருளின் உள்ளீடுகள், உலோகத்தை ஊற்றிய வெப்பநிலை, வெப்பப் பதனிடல் அட்டவணை ஆகியவை உங்கள் சொத்து என்று எழுதிக்கொள்ளுங்கள். பேட்டர்ன் மரத்தில் இருந்த காலத்தில் அது யாருடையது என்பது மட்டுமே ஒப்பந்தத்தில் இருந்தது. பெரும்பாலும் அரசின் சொத்து என்றே எழுதியிருப்பார்கள். மரத்தைத் திரும்ப வாங்கியவர்களுக்கும் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது கிடைக்கவில்லை.

ஒரே ஃபவுண்டரியை நம்புவதன் விலையும் பழைய கதைதான். 1973 அக்டோபர் அரபு-இஸ்ரேல் போருக்குப் பிறகு எம்60 டாங்கிகளின் உற்பத்தியை உயர்த்த அமெரிக்கா முயன்றபோது, உடலையும் கோபுரத்தையும் வார்க்கும் திறன் ஒரே ஃபவுண்டரியிடம் இருந்ததே பெரும் முட்டுக்கட்டையாக இருந்தது. கூடுதல் பணத்தை உடனே ஒதுக்கிவிடலாம், கூடுதல் வார்ப்பை உடனே பெற முடியாது. உங்கள் அளவில் இரண்டாவது ஃபவுண்டரியை முழுமையாகத் தகுதிப்படுத்துவது கட்டுப்படியாகாது. ஆனால் கோப்புகள் உங்களிடம் இருந்தால், தேவை வரும் நாளில் இன்னொருவரிடம் போக முடியும்.

உதிரிதேடி எழுதியது:

கோப்புகள் பற்றிய நிபந்தனையை வரைவில் சேர்த்துவிட்டேன். மணலச்சு அவர்களிடம் கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். கழிவில் உள்ள உறைகளில் எதை அறுப்பதற்குத் தேர்ந்தெடுப்பது? வார்ப்பில் எழும்பியுள்ள எழுத்துகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் பாக எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து கூடுதலாக உள்ளது.

மணலச்சு எழுதியது:

அந்தக் கூடுதல் எழுத்து பெரும்பாலும் வரைபடத் திருத்தத்தையோ பேட்டர்ன் மாற்றப்பட்டதையோ குறிக்கும். ஆகவே எழுத்து உள்ளதில் ஒன்று, இல்லாததில் ஒன்று என இரண்டைத் தனியே எடுத்து வையுங்கள். அறுப்பதற்கு முன் இரண்டையும் சிடி ஸ்கேன் செய்து ஒப்பிடுங்கள். சுவர்த் தடிமனிலோ விளிம்பின் வளைவிலோ ரைசர் வெட்டிய திட்டுகளிலோ வேறுபாடு இருந்தால், ஃபவுண்டரி ஏதோ ஒரு குறையைக் கண்டு முறையைத் திருத்தியிருக்கிறது என்று பொருள். திருத்திய பிந்தைய வடிவத்தையே பின்பற்ற வேண்டும், உங்களிடமுள்ள மைக்ரோஃபிலிம் முந்தைய திருத்தமாக இருந்தாலும்கூட. திருத்தக் குறிப்பு எங்காவது கிடைக்கிறதா என்று வடிவமைப்புப் பொறுப்பாளரிடமும் கேட்டுவிடுங்கள்.

பிந்தைய வடிவத்தில் உள்ளதை அறுங்கள். முதல் வெட்டு பெரிய பேரிங் இருக்கையின் மையத்தின் வழியாக, அச்சு பிரிந்த கோட்டுக்குச் செங்குத்தாகப் போகட்டும். இரண்டாவது வெட்டு பொருத்து முகத்தின் மிகத் தடித்த மூலையில். அரிப்பு ஆழமாக உள்ள பகுதியிலிருந்து இழுவிசைத் தண்டு எடுக்க வேண்டாம். அந்த எண்கள் வார்ப்பைப் பற்றி எதையும் சொல்லா. பகுப்பாய்வுக்குத் துண்டு அனுப்பும்போது நிக்கல், செம்பு, இரும்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். வழக்கமான அறிக்கையில் அலுமினியமும் துத்தநாகமும் மட்டும் வந்து நின்றுவிடுவதுண்டு.